தண்ணீரே வேண்டாத மரம்

செடி விற்கிற தொழிலில் ஒரு சௌகரியம், விற்ற சரக்கு பல்லைக் காட்ட நாலு வருஷம் ஆகும். வாசலில் பச்சையாக எதையாவது நட்டு மாட்டிக்கொண்ட சக பாவிகளே, ராஜகீழ்ப்பாக்கத்தில் நர்சரி வைத்திருக்கும் நான் உங்களைவிட ஒருபடி அதிகமாக மாட்டியவன்.

லாரித் தண்ணீர் கோடை

அந்தக் கோடையில் குளிப்பதற்கே லாரித் தண்ணீர்தான். ரோஜாவை யார் சீண்டுவார்கள்? கோனோகார்பஸ் மரக்கன்றுகளை இறக்கினேன். வெயிலுக்கு அசராது, வருஷம் முழுக்கப் பச்சை, கிடுகிடுவென்று வளரும். சுந்தரி டீச்சர் வந்தார். அவர் கணவருக்கு மூட்டு ஆபரேஷன் சரிப்படவில்லை. மாடியை விட்டு இறங்குவதே இல்லை, பகலெல்லாம் ஜன்னலோரம்தான். எதிரே புதிதாக எழும்பிய அபார்ட்மென்ட் பால்கனிகள் எல்லாம் அந்த ஜன்னலைப் பார்த்தபடி இருந்தன. சீக்கிரம் மறைக்கிற மரம் வேண்டும் என்றார் டீச்சர். தண்ணீரே வேண்டாத மரம் என்று நான் அளந்த அளப்பைக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"நிஜமாவே தண்ணி ஊத்த வேணாமா சேகர்? எங்க வீட்ல குடிக்கிறதுக்கே அளந்துதான்."

இரண்டடி மண்

நம் பக்கத்து வீடுகளில் எல்லாவற்றையும் சிமென்ட் போட்டு மூடிய பிறகு மிஞ்சுவது, காம்பவுண்டு சுவருக்கும், தரைக்கடியில் தண்ணீர் தேக்கும் சம்புக்கும் நடுவே இரண்டடி மண். தெருவே அங்கேதான் மரம் வைக்கும். நானும் சம்ப் மூடிமேல் கடப்பாரையைச் சாத்தி வைத்துவிட்டுக் குழி வெட்டினேன். தப்பு என்று தெரியாமல் இல்லை. கன்று கைமாறினால் போதும் என்ற அவசரம், அவ்வளவுதான். நர்சரியில் என்னோடு வேலை பார்க்கும் கன்னியம்மா அக்கா மட்டும் முணுமுணுத்தார்.

"தொட்டியாண்ட வெக்கிறியே சார், வேரு சும்மா கெடக்குமா?"

லுங்கி சுதந்திரம்

மூன்றாம் வருஷமே மரம் ஜன்னலைத் தாண்டியது. கிளையைக் கத்தரிக்கப் போனால் காபி, முறுக்கு, ராஜ உபசாரம். தவிட்டுக்குருவிகள் வந்து கத்துவதை டீச்சரின் வீட்டுக்கார சார் போகும்போதெல்லாம் எனக்கு வர்ணிப்பார். இவ்வளவு சந்தோஷத்தை ஒரு மரத்தால் கொடுக்க முடியுமா என்று எனக்கே மிதப்பு. சார் ஜன்னல் வழியாகக் குனிந்து சொன்னார்.

"இப்பதான்ப்பா என் வீட்டுல நான் லுங்கியோட உக்கார முடியுது."

சம்புக்குள்ளே

மறு வருஷம் டீச்சர் போன் செய்தார். காலையில் லாரி நிரப்பிய சம்ப், சாயங்காலம் பாதி. நானும் கன்னியம்மா அக்காவும் போய் மூடியைத் திறந்து டார்ச் அடித்தோம். சுவர் விரிசல் வழியாக வேர் உள்ளே புகுந்து, அவிழ்த்துவிட்ட சடை மாதிரி தண்ணீரில் தொங்கியது. அளந்து குடித்த குடும்பத்தின் தண்ணீர், பாதி மரத்துக்கும் பாதி மண்ணுக்குமாகப் போயிருந்தது. "தண்ணியே வேணாம்னுதானே..." என்று நான் இழுத்தபோது கன்னியம்மா அக்கா விடவில்லை.

"வோணாம்னு நீ சொன்ன சார். அந்த மரத்தாண்ட யாரு சொன்னது?"

கடைசி வெட்டு

மரத்தை வெட்ட ஆள் வைக்க மனசு வரவில்லை. நானே அறுத்தேன். மேலே ஜன்னலில் சார் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கிளை விழும்போதும் ஒவ்வொரு பால்கனியாகத் திரும்பி வந்தது. மாடிக்குப் போய், சம்புக்கு எட்டாத வாசல் மூலையில் சிமென்டை உடைத்து ஒரு புங்கன் வைத்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்றேன். ஜன்னல் உயரத்துக்கு வர எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. நிழல் கட்ட ஆறேழு வருஷம் ஆகும் என்றேன். தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சுந்தரி, ஒரு கர்ட்டன் வாங்கிடு."

இப்போதெல்லாம் தண்ணீரே வேண்டாத மரம் கேட்டு யார் வந்தாலும், பிளாஸ்டிக் செடி விற்கும் கடைக்கு நானே வழி சொல்லி அனுப்பிவிடுகிறேன்.