கேக் கடை உரிமையாளர் அக்காதான்

அக்கா பிறந்தது, வளர்ந்தது, கேக் செய்தது எல்லாம் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் ஒரே வீட்டில்தான். வேலை மட்டும் எலெக்ட்ரானிக் சிட்டியில். அப்பா தவறியபின் பதினான்கு ஆண்டுகள் கம்பெனி வண்டியில் போய்வந்து எங்களைக் காப்பாற்றினார். சனி, ஞாயிறுகளில் கேக் செய்து விற்றார். அக்காவின் கேக் இல்லாமல் பிறந்தநாள் கொண்டாடிய பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது.

வீட்டில் செய்து விற்பதற்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். அதில் உரிமையாளர் பெயர் வேண்டும். அக்காவின் பணி ஒப்பந்தமோ, அனுமதியின்றி வேறு தொழில் செய்யக் கூடாது என்றது. அனுமதி கேட்டு இரண்டு முறை எழுதினார், பதிலே இல்லை. வேலையை விடவும் வழியில்லை. அம்மாவின் டயாலிசிஸ் கம்பெனி இன்சூரன்ஸில்தான் நடந்தது. ஆகவே பதிவு என் பெயரில் ஆனது. நான் எலெக்ட்ரீஷியன். முட்டை உடைத்தால் பாதி ஓடு உள்ளே விழும்.

சான்றிதழுக்குச் சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டியவரும் அக்காதான். “ஓனர் சார், கொஞ்சம் நகருங்க, மாவு சலிக்கணும்” என்று கிண்டல் செய்வார்.

ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி, ஓவனில் எவ்வளவு சூடு வைப்பீர்கள் என்று என்னைக் கேட்டார்.

“நல்லா சூடா வைப்போம் சார்.”

“நூத்தி எண்பது டிகிரி சார்” என்றார் பின்னாலிருந்து அக்கா.

“நீங்க யாரும்மா?”

“ஹெல்ப்பர் சார்.”

அவர் போனதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “உன் கடைல நீ ஹெல்ப்பரா?” என்று கத்தினேன்.

“சும்னே இருடா, கத்தாத. வேலையை விடுற அன்னிக்கு என் பேருக்கு மாத்திக்கறேன். எனக்கு மட்டும் ஆசை இல்லையா?” என்றார். அந்த ஆசையை அவர் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

அந்த நாள் வரவில்லை. சென்ற ஆண்டு மூளைக்காய்ச்சலில் ஆறே நாளில் போய்விட்டார்.

பதிவை ரத்து செய்ய அலுவலகம் போனேன். எழுத்தர் காரணம் கேட்டார்.

“ஓனர் தவறிட்டாங்க சார்.”

கணினியைப் பார்த்தார், என் ஆதார் அட்டையைப் பார்த்தார். “ஓனர் நீங்கதானே? நல்லாத்தானே இருக்கீங்க?”

அங்கேயே அழுதுவிட்டேன். ரத்து செய்யாமலே திரும்பினேன்.

அந்த ஆறு நாளும் அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போன பக்கத்து வீட்டு அத்தைக்கும், மருத்துவமனைக்குச் சாப்பாடு கொண்டுவந்த கம்பெனி வண்டி ஓட்டுநருக்கும், அக்காவை வழியனுப்ப வந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. அக்காவின் கேக்கைச் சாப்பிட்ட உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் ஓரிடத்திலாவது அச்சில் இருக்கட்டும். கடையின் உரிமையாளர் அக்கா. ஹெல்ப்பர் நான்.