கலங்கரை விளக்கத்தில் விரிந்த வேட்டி

எங்களுக்குச் சொந்த ஊர் நீடாமங்கலம். வைக்கோல் போரைவிட உயரமான எதிலும் ஏறியறியாத நான், மனைவியுடன் நாகப்பட்டினத்துப் பழைய கலங்கரை விளக்கத்தில் ஏறினேன். உச்சியில் எதிரே ஒரு பெரியவர் வரவே, ஊர்ப் பழக்கத்தில், மடித்துக் கட்டியிருந்த வேட்டியை மரியாதைக்காக இறக்கிவிட்டேன். கடற்காற்று உள்ளே புகுந்து அதைப் படகுப் பாயாக விரித்துவிட்டது. கடலில்தான் விழப்போகிறேன் என்று முடிவுகட்டி, அப்படியே உட்கார்ந்து கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டேன்.

"எந்திரிங்க. இந்தத் தொப்பையை எந்தக் காத்து தூக்கும்?" என்றாள் மனைவி.

"பேசாம கையைப் பிடிடி" என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து வெளியிடத்தில் என் கையைத் தொட்டிராதவள், கீழே இறங்கும்வரை விடவேயில்லை.

இப்போது வெளியூர் என்றால் பேண்ட்தான் போடுகிறேன். படிக்கட்டைக் கண்டதும் அவளே கையை நீட்டுகிறாள். எனக்குப் பயம் தெளிந்துவிட்டதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.