பலா மரத்தில் கட்டிய பெட்டி

ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஜவ்வாது மலையில் பாறையை உடைத்து ஓட்டல் கட்டினேன், பின்னால் தங்கும் அறைகள் கட்டினேன். பஸ் நிற்காத இடத்தில் பஸ்ஸை நிற்க வைத்தவனும் நான்தான்.

போன மாதம் திருப்பத்தூரிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் ஒரு செல்போன் விளையாட்டை நடத்த வந்தார்கள். மரங்களில் சிறிய சென்சார் பெட்டிகளைக் கட்டுவார்கள். அவர்களே இரண்டு அணிகளாகப் பிரிந்து ஓடுவார்கள்; எந்த அணி முதலில் பெட்டியை நெருங்குகிறதோ, அதன் போனில் புள்ளி ஏறும். கடைசிப் பெட்டியைப் பள்ளி மைதானத்தில் வைக்க இருந்தார்கள்.

"என் ஓட்டல் பின்னாடி பலா மரத்துல கட்டுங்க. இந்த மலையில எனக்குத் தெரியாத வழியா?" என்றேன். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் என்னிடம்தான் சாப்பிடுவார்கள் என்று நினைத்தேன். அவர்களும் அங்கேயே கட்டினார்கள்.

சாலைக்கும் அந்த மரத்துக்கும் நடுவே பக்கத்து வீட்டு மல்லிகாவின் சாமைக் கொல்லை அறுப்புக்கு நின்றது. போன் காட்டிய திசையில் இரண்டு அணிகளும் அதற்குள்ளேயே ஓடின. முற்றிய சாமை மண்ணில் உதிர்ந்தது.

மல்லிகா ஓடி வந்தாள். "வருசம் பூரா வூட்டுச் சோறு இதாண்ணா. நீயாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னேம்மா. கேட்டாத்தானே?" என்றேன்.

ஒரு பிள்ளையும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "மன்னிச்சிடுங்கக்கா" என்று உட்கார்ந்து, உதிர்ந்ததை மண்ணோடு அள்ளத் தொடங்கினார்கள். இத்தனை கட்டியவனுக்கு ஒரு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

அந்த விளையாட்டின் முடிவில், அதை உருவாக்கியவர்களின் பெயர்கள் போனில் வருகின்றன. என் பெயர் அதில் இல்லை. பிள்ளைகளே, என் பெயரையும் போடுங்கள். பலா மரத்தில் பெட்டியைக் கட்டச் சொன்னவன் என்றே போடுங்கள். மல்லிகாவிடம் அதை நானே கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.