யானைக்குப் பக்கத்திலை நிண்டவன்

அந்தச் சிறுவர் பூங்காவை இழுத்து மூடி இடிச்சுப் போட்டாங்கள் எண்டு கேள்விப்பட்டபோது எனக்கு ஒரு கவலையும் வரேல்லை. வாழ்க்கையிலை ஒரே ஒரு நாள் போன இடம். ஆனால் சுவிசிலை, நான் இருக்கிற வில் எண்ட ஊரிலை, என்னோடை ஒரே பக்டறியிலை நிக்கிற சுவிஸ்காரன் ஒருத்தன் சின்ன வயசிலை ஒவ்வொரு கோடையும் அங்கை போனவனாம். ஆள் அழாத குறை. "உன்னட்டைப் பழைய படம் ஏதும் கிடக்கோ? முகநூலிலை அந்தப் பூங்காவுக்கெண்டே ஒரு குழு இருக்கு. எல்லாரும் பழைய படங்களைத் துப்பரவாக்கிப் போடுகினம்" எண்டான்.

கிடந்தது. வீட்டுக்குக் கீழை, கெல்லர் எண்ட நிலவறையிலை, ஒரு பிஸ்கற் ரின்னுக்குள்ளை.

எண்பதுகளின்ர கடைசியிலை எடுத்த படங்கள் அது. நாங்கள் அகதிக் காம்பிலை கிடந்த பெடியள். வேலை செய்யவும் விடமாட்டாங்கள், சும்மா இருக்கவும் பைத்தியம் பிடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தேவாலயத்து ஆக்கள் எங்களை பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போய் அந்தப் பூங்காவிலை இறக்கிவிட்டினம். குட்டி ரயில், சீமெந்துக் காளான், தும்பிக்கையாலை தண்ணி பீச்சிற ஒரு பெரிய சீமெந்து யானை. கமரா என்னட்டை இருந்தது. தோல் ஜக்கெற் எங்கள் எல்லாருக்குமாய் ஒண்டுதான் இருந்தது. ஊருக்குப் படம் அனுப்ப வேணுமே! ஒருத்தன் கழட்ட மற்றவன் போட்டு, யானைக்குப் பக்கத்திலை முறைவைச்சு நிண்டு எடுத்தம். ஒரே ஜக்கெற், ஒரே மீசை, ஒரே மாதிரித் தலைச் சரிவு. அந்தப் படங்களைப் பாத்திட்டு ஊரிலை தாய்மார், பிள்ளை வெளிநாட்டிலை நல்லா இருக்கிறான் எண்டு நம்பியிருப்பினம்.

கெல்லரின்ர ஈரத்திலை கனபடம் பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு. மகளிட்டைக் கேட்டு, படத்தைக் கணினியிலை ஏத்திக் கறை அழிக்கவும், ஒரு படத்திலை இருக்கிற துண்டை வெட்டி இன்னொண்டிலை ஒட்டவும் பழகினன். முதல் குட்டி ரயிலைப் போட்டன். ஐயோ, வந்து குவிஞ்ச இதயங்களைப் பாக்க வேணுமே! முப்பது வருசமாய் இந்த நாட்டிலை எனக்கு இத்தினை பேர் ஒரே நாளிலை "மெர்சி" எண்டு நன்றி சொன்னதில்லை. தலைகால் தெரியேல்லை எனக்கு.

"குசினிப் பைப் ஒழுகுது, அதைத் திருத்த இந்த வீட்டிலை ஆளில்லை. வெள்ளைக்காரன்ர ரயிலைத் திருத்துறார்" எண்டு மனிசி புறுபுறுத்தா.

பிறகுதான் யானை. என்ர படத்திலை தும்பிக்கை பாதியோடை வெட்டுப்பட்டுக் கிடந்தது. எங்களோடை இருந்த இன்னொரு பெடியன்ர படத்திலை யானை முழுசாய், தண்ணி வெயிலிலை மினுங்க, அவ்வளவு வடிவு. ஆனால் அந்தப் பெடியன்ர முகத்திலை இடது கண்ணையும் புருவத்தையும் பூஞ்சணம் திண்டுபோட்டுது. அவன் தாய்க்குச் சுகமில்லை எண்டு அடுத்த வருசமே ஊருக்குத் திரும்பிப் போனவன். பிறகு ஒரு தொடர்பும் இல்லை. முகமும் எனக்கு வடிவாய் ஞாபகமில்லை.

நான் என்ன செய்தன்? என்ர படத்திலை இருந்து என்ர இடது கண்ணையும் புருவத்தையும் வெட்டி அவனுக்கு வைச்சன். அதே வெயில், அதே சரிவு. கச்சிதமாய்ப் பொருந்தீட்டுது. ஆர் கேக்கப் போகினம்? எனக்குத் தேவை யானை. பக்கத்திலை ஒரு மனுசன் நிண்டால் காணும் எண்டுதான் நினைச்சன். இப்ப நினைக்க என்ர மூஞ்சையிலை நானே காறித் துப்ப வேணும் போலை கிடக்கு.

படம் குழுவிலை இருந்து ஆர் ஆரின்ரையோ போனுக்குள்ளாலை ஓடிப் போயிருக்கு. ஒரு பின்னேரம் கூர் எண்ட ஊரிலை இருந்து ஒரு பெண்பிள்ளை என்னைத் தேடிப் பிடிச்சுப் போன் எடுத்தா. "அண்ணை, யானைக்குப் பக்கத்திலை நிக்கிறது என்ர அண்ணன்" எண்டு சொல்லி அழுதா. இரண்டாயிரத்து ஒன்பதிலை, வன்னியிலை, கடைசிச் சண்டைக்குள்ளை காணாமல் போனவனாம். யானையோடை நிக்கிற இதே படம் வீட்டு அல்பத்திலை கிடந்ததாம், ஆனால் அல்பமெல்லாம் ஓடின வழியிலை விட்டாச்சு. தாய் கிளிநொச்சியிலை, காணாமல் போன பிள்ளையளைக் கேட்டுப் போராடுற மற்றத் தாய்மாரோடை றோட்டுக்கரைக் கொட்டிலிலை போய் இருக்கிறா. எல்லாரின்ர மடியிலையும் பிள்ளையின்ர படம் இருக்க, இவவின்ர மடியிலை பேர் எழுதின ஒரு மட்டை மட்டும்.

"அவர் ஊருக்குத் திரும்பி வந்த கையோடை, சின்னப்பிள்ளையிலையே என்னை இஞ்சை அனுப்பிப்போட்டினம். எனக்கே முகம் மறந்து போச்சண்ணை" எண்டா.

அப்ப சொல்லியிருக்க வேணும். வாய்வரைக்கும் வந்தது. "பெரிசாக்கி அனுப்பிறன் தங்கச்சி" எண்டன். அனுப்பினன்.

அதுக்குப் பிறகு தாய் என்னோடை கதைக்க வேணும் எண்டு நிண்டிருக்கிறா. வீடியோவிலை வந்தா. மெலிஞ்ச மனிசி. சாப்பிட்டியோ, பிள்ளையள் எத்தினை எண்டெல்லாம் கேட்டிட்டு, படத்தைத் தூக்கிக் காட்டினா. "உனக்குக் கோடி புண்ணியம் மோனை. கண் அப்பிடியே அவன்ர கண்."

நான் போனைக் கொஞ்சம் திருப்பி என்ர இடது பக்கத்தை மறைச்சன்.

"ஒண்டு மட்டும் மோனை. சைக்கிளாலை விழுந்து அவனுக்குப் புருவத்திலை ஒரு வெட்டுக்காயம். இதிலை காணேல்லை. நீ ஊத்தை துடைக்கேக்கை அழிஞ்சு போச்சுதாக்கும், பறவாயில்லை. அதை வைச்சுத் தாறியோ? அடையாளம் கேட்டால் நான் எப்பவும் அதைத்தான் சொல்லுறனான்."

"எந்த இடத்திலை அம்மா?" எண்டு கேட்டன். கேட்ட என்ர வாயை என்ன செய்ய! அவ தன்ர இடது புருவத்திலை விரலை வைச்சு, மேலை இருந்து கீழை சரிவாய் இழுத்துக் காட்டினா. நான் பாக்கேல்லையோ எண்டு திரும்பவும் காட்டினா.

போனை வைச்சிட்டு மனிசிக்கு எல்லாத்தையும் சொன்னன். "கண்ணை எடுத்துப்போட்டுப் பாதி முகத்தை அனுப்புவியளோ? அனுப்புங்கோ பாப்பம்" எண்டா. அனுப்பத்தான் நினைச்சன். பூஞ்சணம் திண்ட படத்தைத் திறந்து வைச்சுப் பாத்தன். ஒரு தாய்க்கு அதை எப்பிடி அனுப்பிறது? கடைசியிலை என்ர கண் ஒட்டின மற்றப் படத்தைத் திறந்து, என்ர புருவத்துக்கு மேலை அவன்ர காயத்தைக் கீறினன். இரண்டு மூண்டு தரம் அழிச்சு அழிச்சுக் கீறினன்.

அனுப்பின படத்தைப் பாத்திட்டு, "இப்பதான் என்ர பிள்ளை" எண்டு தாய் சொன்னவவாம்.

போன கிழமை தங்கச்சி திரும்ப எடுத்தா. ஆரோ ஒரு அதிகாரி கொட்டிலுக்கு வந்து, அந்தப் படத்தைக் கையிலை வாங்கி வடிவாய்ப் பாத்தவராம். "இந்த முகத்தோடை ஒராளைக் கண்டால் அறிவிக்கிறம் அம்மா" எண்டு சொல்லி, போனாலை ஒரு படமும் எடுத்துக்கொண்டு போனவராம். அம்மா அண்டைக்குக் கனகாலத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டவ எண்டு தங்கச்சி சந்தோசமாய்ச் சொன்னா.

"நல்லது தங்கச்சி" எண்டன். அவை தேடுற ஆளிலை பாதி வில்லிலை இருந்து சோறு தின்னுது.