தர்ஷன் என்று கூப்பிட்டால்

என் தம்பிக்குப் பெயர் வைத்ததில் எனக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டில் யாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. தம்பி கேட்டால் சிரிப்பான்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்தில் எங்கள் வீடு. எனக்குப் பின் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் தவழும் முன்பே காய்ச்சலில் போய்விட்டார்கள். இரண்டு முறையும் ஆஸ்பத்திரிக்குப் படகில் கொண்டுபோன பிள்ளையை அதே படகில் துணி சுற்றித் திருப்பிக் கொண்டுவந்தாள் அம்மா. அதனால் மூன்றாவதாக இவன் பிறந்தபோது யாரும் வாய்விட்டுச் சந்தோஷப்படவில்லை. அம்மா அவனை மடியிலிருந்து இறக்கவே மாட்டாள். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கப் போவதையும் நிறுத்திவிட்டாள்.

பெயர் வைப்பது எங்கள் வீட்டில் சித்தப்பாவின் இலாகா. மீஞ்சூரில் குடியிருந்துகொண்டு ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர், ஆகவே உலகம் தெரிந்தவர். போன இரண்டு பேருக்கும் அவர்தான் பெயர் கொண்டுவந்தார். இரண்டுமே எங்கள் பக்கம் யாரும் கேள்விப்படாத பெயர்கள். இந்த முறை கொண்டுவந்தது அத்விக். கூட வேலை பார்க்கும் வடநாட்டுக்காரர் ஒருவர் தன் மகனுக்கு வைத்திருக்கிறாராம். சமஸ்கிருதப் பெயர், நிகரில்லாதவன் என்று அர்த்தம், அவனைப் போல இன்னொருவன் கிடையாது என்று விளக்கினார். எனக்கு உடனே பிடித்துப்போனது. அத்விக்கின் அக்கா என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்ளப்போகிற பெருமையில் சோறுகூட இறங்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு வேறு யோசனை. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து, இன்னொருத்தி கையில் கொடுத்து, கொஞ்சம் தவிட்டுக்குத் திரும்ப வாங்கிக் குப்பன் என்று பெயர் வைப்பார்கள். தேடி வருகிறவன் பெயரைக் கேட்டதும், இது குப்பைதானே என்று விட்டுவிட்டுப் போவானாம். தேடி வருகிறவன் யார் என்று கேட்டேன். போய் விளையாடு என்றாள்.

என் நைனாவே அப்படித் தங்கிய பிள்ளைதான். அவர் பெயர் குப்பன்.

"என்னக் காப்பாத்துச்சு, இல்லன்னு சொல்லல," என்றார் நைனா. "ஆனா அந்தப் பேர வெச்சினு இஸ்கூல்ல நான் பட்டது எனக்குத்தான் தெரியும். எம்புள்ளைக்கு வேணாம்."

அம்மா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு சித்தப்பாவிடம் கேட்டாள்: "தம்பி, இப்ப எல்லாரும் வெக்கிற பேரு இன்னா?"

"தர்ஷன்தான் அண்ணி. எந்தப் பக்கம் கல்லு வுட்டாலும் ஒரு தர்ஷன் மேலதான் வுழும்."

தரிசனம் என்கிற அதே சொல்தான், கண்ணால் காண்பது என்று அர்த்தம், மோசமில்லை, ஆனால் சலித்துப்போன பெயர் என்று சித்தப்பா உதட்டைப் பிதுக்கினார். அம்மா என்னைப் பார்த்தாள்.

"கரையோரமா போயி அந்தப் பேரு ஒருவாட்டி, இந்தப் பேரு ஒருவாட்டி சத்தமா கூப்டு. யாரு யாரு திரும்பறாங்கன்னு பாத்துனு வா."

ஊரைக் கூட்டிக் கத்துவதற்கு வீட்டிலேயே அனுமதி கிடைத்தால் யார் விடுவார்கள்? படகுகள் கரை சேர்ந்திருந்த நேரம். முதலில் அத்விக் என்று தொண்டை கிழியக் கத்தினேன். வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிரவில்லை. ஒரு நாய் மட்டும் பார்த்தது. அடுத்து தர்ஷன் என்றேன். பந்து போட ஓடிவந்தவன் பாதியில் நின்றான். முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தவன் திரும்பினான். ஒரு வீட்டுக்குள்ளிருந்து "இன்னா?" என்று குரல் வந்தது. படகுக்குப் பின்னால் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்த ஒருவன் எழுந்து நின்று மாட்டிக்கொண்டான். அவன் என்னை அடிக்க வருவதற்குள் ஓடிவந்துவிட்டேன்.

அத்விக் ஜெயித்துவிட்டது என்ற நினைப்பில் மூச்சிரைக்கச் சொன்னேன். "அத்விக்னா ஒருத்தரும் திரும்பலம்மா. தர்ஷன்னா ஊரே திரும்புது."

"அப்ப தர்ஷனே இருக்கட்டும்," என்றாள் அம்மா.

சித்தப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படகுக்குக் கிளம்பிப் போனார். நான் அழுதேன். ஊரே திரும்புகிற பெயர் எதற்கு, கூப்பிட்டால் நம் பிள்ளை மட்டும் திரும்ப வேண்டாமா என்று சண்டை போட்டேன். அம்மா குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள்.

"அதுக்குத்தாண்டி," என்றாள். "கூப்டா இவன் ஒருத்தன் மட்டும் திரும்பக் கூடாது."

நான் இப்போது மீஞ்சூரில் ஒரு சின்னப் பள்ளியில் ஆசிரியை. என் வகுப்பில் இரண்டு அத்விக் இருக்கிறார்கள். நிகரில்லாதவன் என்று இருவருடைய அம்மாக்களும் எனக்கு அர்த்தம் சொன்னார்கள். தம்பி என்னைவிட ஒரு தலை உயரமாக வளர்ந்து நிற்கிறான். ஊரில் தர்ஷன்கள் மலிந்துபோனதால் அடையாளத்துக்கு அவனைக் குப்பன் தர்ஷன் என்கிறார்கள். நைனாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம், அம்மாவுக்கு இல்லை.

பெயர் முடிவான அன்று ராத்திரி நான் அம்மாவுடன் பேசாமல் படுத்துவிட்டேன். தம்பியைக் கூப்பிடப்போவது நாங்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.