கோபுரத்தில் ஒரு பேசின்

பலாபத்வலயில் பஸ்ஸை விட்டு இறங்கி அந்தோனியார் கோயில் மலையை அண்ணாந்து பார்த்தால், மணிக்கோபுரத்தின் உச்சியில் ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசின் தெரியும். துணி அலசுகிற பேசின்தான். வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் அறுபத்திரண்டு வீடுகளுக்கு இன்டர்நெட் போவது அந்தப் பேசினுக்குப் பின்னால் இருந்துதான். அதை நடத்துகிறவள் என் பக்கத்துக் கடைக்காரி மரிய கொறற்றி.

நான் யாகூப். மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிறவன். கம்பியூட்டரைப் பற்றி எனக்கு மண்ணும் தெரியாது. ஆனால் கொறற்றியைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் ஊரில் கிடையாது. எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைச் சுவர், அவளுக்கோ மெதுவாகப் பேச வராது.

அவள் தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். ஏதோ ஒரு போன் கம்பனியில் ஏழு வருஷம் முறைப்பாடு கேட்கிற வேலை பார்த்தாள். கொரோனாக் காலத்தில் பிள்ளைகள் ஒன்லைன் வகுப்புக்குச் சிக்னல் தேடிப் பாறையிலும் பலா மரத்திலும் ஏறிக் கிடந்தார்கள். பள்ளத்தாக்குக்கு ஒரு டவர் போடுங்கள் என்று இவள் கம்பனியிடம் கேட்டாளாம். அறுபது வீட்டுக்கு டவர் கட்டுப்படியாகாது என்று மேலதிகாரி சொன்னாராம். அப்படியானால் நானே கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வேலையை விட்டு வந்துவிட்டாள். ஊர் சிரித்தது. முதலில் சிரித்தவன் நான்தான், அதை ஒளிப்பானேன்.

கொழும்பிலிருந்து அனுமதி வருவதற்குள் பதினாலு மாசம் ஓடிவிட்டது. வந்ததும் கடைக்கு ஒரு பைபர் லைன் எடுத்து, கூரையில் ஒரு டிஷ் வைத்தாள். அதைப் பார்த்தபடி மலையில் கோயில் கோபுரத்தில் இன்னொரு டிஷ். அங்கிருந்து வீடுகளுக்கு. இந்த டிஷ்கள் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்தால்தான் பேசிக்கொள்ளுமாம். நடுவில் எதுவும் வரக்கூடாது.

இதை ஊருக்குப் புரியவைக்கத்தான் அவள் தொண்டை கிழிந்தது. வந்த முறைப்பாடுகளில் பாதி, சனங்கள் டிஷ் மேல் வைத்த பாசத்தால் வந்தவை. பாப்பம்மா என்கிற கிழவி, கண்ணூறு படாமல் இருக்கட்டும் என்று சுண்ணாம்புப் புள்ளி வைத்த அலுமினியச் சட்டியை டிஷ்சுக்கு முன்னால் தொங்கவிட்டாள். இன்னொரு வீட்டில் குளிருமே என்று சாக்குப் போர்த்தி, அதன் மேல் தகரமும் வைத்தார்கள். அவ்வளவு ஏன், என் வீட்டில் என் மனைவி றஸ்மியா மிளகாய், அதாவது கொச்சிக்காய், பரப்பிய தகரத் தட்டத்தைக் காயவைக்க அதைவிடத் தோதான இடம் கிடைக்கவில்லை என்று டிஷ் கம்பியில் சாய்த்து வைத்தாள். அன்றைக்கு மருமகன் குவைத்திலிருந்து பேசப் பேச பாதி வார்த்தைதான் வந்தது. கொறற்றி வந்து தட்டத்தைத் தூக்கி என் கையில் தந்துவிட்டுப் போன போது பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

அவள் புருஷன் செபஸ்தியன் பெயின்டர். நல்ல மனுஷன், ஆனால் வாயில் பூட்டு. காலையில் இரண்டு பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் புறப்படுவார்கள், அவர் மடியில் பெயின்ட் வாளி, இவள் தோளில் வயர் சுருள். அவள் என்ன செய்கிறாள் என்று அவர் கேட்டதில்லை. ஊருக்கெல்லாம் கத்திக் கத்திச் சொன்னவள் வீட்டுக்காரருக்கு மட்டும் சொன்னதுமில்லை.

இந்த வருஷம் கோயிலுக்குப் புது பாதர் வந்தார். மணிக்கோபுரத்தில் டிஷ் இருப்பது அவருக்கும் பிடிக்கவில்லை, கோயில் சபைக்கும் பிடிக்கவில்லை. கடைசியில் பாதர் ஒரு தீர்ப்புச் சொன்னார். திருநாள் பூசையை இத்தாலியிலும் குவைத்திலும் இருக்கிற நம் சனங்கள் நேரடியாகப் பார்க்க வேண்டும். ஒழுங்காகப் போனால் டிஷ் இருக்கட்டும். இல்லையென்றால் மறுநாள் கழற்றிவிட வேண்டும். கடையையும் பள்ளத்தாக்கையும் ஒன்றாகப் பார்க்கிற உயரம் அந்தக் கோபுரத்தைத் தவிர வேறில்லை. டிஷ் இறங்கினால் அவள் பிழைப்பும் இறங்கும், பிள்ளைகள் திரும்பப் பாறையில் ஏற வேண்டும். திருநாளுக்கு முந்திய அந்த ஒரு வாரம் அவள் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. எனக்கே சோறு இறங்கவில்லை.

திருநாளன்று ஒன்பது மணிக்குப் பூசை. ஏழரைக்குப் பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு அலறல். ஓடிப்போய்ப் பார்த்தேன். அவள் கடை இன்டர்நெட் பெட்டியில் எப்போதும் பச்சையாக எரிகிற மூன்று விளக்கும் சிவப்பாக இருந்தன. கரண்ட் இருக்கிறது, லைன் இருக்கிறது, கூரையில் டிஷ்சும் சரியாக இருக்கிறது.

“மேலதான் கோளாறு, நானா” என்றாள், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி. “ஏத்திக்கிட்டுப் போறீங்களா?”

றஸ்மியாவை விளக்குக்குக் காவல் வைத்துவிட்டு என் த்ரீவீலரை எடுத்தேன். அந்த ஏற்றத்தில் அது அவ்வளவு வேகமாகப் போகும் என்று எனக்கே தெரியாது. கோயில் முற்றத்தில் கொடி, பந்தல், பேண்ட் வாத்தியம். யாரையும் பார்க்காமல் கோபுரப் படியில் ஏறினாள். நானும் என் தொந்தியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன்.

உச்சியில் கண் கூசியது. சிலுவை, கைப்பிடிக் கம்பி, மணி தொங்குகிற இரும்பு எல்லாம் புதுச் சில்வர் பெயின்டில் மின்னின. டிஷ்சின் வெள்ளை மூடியும் மின்னியது. பக்கத்தில் பிரஷ்ஷோடு செபஸ்தியன், திருநாளுக்குக் கோபுரத்துக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை அவருக்குத்தான் கிடைத்திருந்தது. அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“ஒன் சாமான் மட்டும் அழுக்கா கெடந்துச்சு” என்றார். “இன்னைக்கு எல்லாரும் பாப்பாங்களேன்னு ரெண்டு கோட் அடிச்சேன். நல்லா இருக்கா?”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான். நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். ஆனால் கொறற்றி கத்தவில்லை. அந்த மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. பிறகு நானே காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

“நல்லா இருக்குங்க. ஆனா இந்தப் பெயின்ட்ல அலுமினியத் தூள் இருக்கு. அதத் தாண்டி சிக்னல் போகாது.”

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. விறுவிறென்று கீழே இறங்கினார். மனுஷன் வெட்கத்தில் ஓடிவிட்டார் என்றுதான் நினைத்தேன். தின்னர் போத்தலோடு மூச்சிரைக்க ஏறி வந்தார். மூடியின் ஆறு ஆணியும் பெயின்டுக்குள் புதைந்து கிடந்தன. அவர் ஒவ்வொன்றாகத் துணியால் நனைத்துத் துடைக்க, இவள் திருப்பி எடுத்தாள். ஆறாவது ஆணிக்கு வருகிறபோது கீழே முற்றத்தில் பேண்ட் வாசிக்கத் தொடங்கிவிட்டது. மூடி கழன்றதும் றஸ்மியாவுக்குப் போன் போட்டேன். அவள் அவசரப்படாமல், இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு என்றாள். கொறற்றி சிலுவையடையாளம் போட்டாள். நான் பிஸ்மி சொன்னேன். மூன்றும் பச்சை என்றாள் றஸ்மியா.

பூசை மிலான் வரைக்கும் போனது. பாடகர் குழு சுருதி தவறியதும் கூடவே போனது. முடிந்ததும் பாதர் எங்களைக் கூப்பிட்டார். கோயில் சபைத் தலைவர் காலையில் ஒரு மணி நேரம் லைன் இல்லாத கதையைப் போட்டுக் கொடுத்திருந்தார். யார் செய்த வேலை என்று பாதர் கேட்டார். செபஸ்தியன் தலையைக் குனிந்துகொண்டு ஓரடி முன்னால் வைத்தார். கொறற்றி அவர் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

“தப்பு என்னோடது, பாதர். பதினொரு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். நான் என்ன வேல செய்றேன்னு இவருக்கு ஒரு நாளும் சொன்னதில்ல.”

பாதர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். டிஷ் இருக்கட்டும், ஆனால் மழை வருகிறது, எதையாவது போட்டு மூடுங்கள் என்றார். செபஸ்தியன் திருநாள் கடைக்கு ஓடினார். அவர் அங்கே ஒரு நீலப் பேசினைத் தூக்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதில் அலுமினியம் கலந்திருக்கிறதா என்று கடைக்காரரைக் கேட்டதை நானே என் காதால் கேட்டேன். கடைக்காரருக்குப் பைத்தியத்தைப் பார்த்த முகம்.

சில்வர் பெயின்ட் அடித்த பழைய மூடி இப்போது கொறற்றியின் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறது. சாயந்தரத்தில் செபஸ்தியன் வேலை முடிந்து வந்து அதன் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவளிடம் ஏதேதோ கேட்கிறார். அவள் சொல்கிறாள், நீளமாகச் சொல்கிறாள். பலகையில் காதை ஒட்டி வைத்துப் பார்க்கிறேன், இப்போதெல்லாம் எனக்கு ஒரு வார்த்தையும் கேட்பதில்லை.