கேட்டால்தான் தண்ணீர்

என் தங்கைக்குப் பேச்சுதான் பிழைப்பு. ஃப்ரிட்ஜ் கம்பெனி ஒன்றுக்கு வரும் புகார்களையெல்லாம் படுக்கையறையில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாங்கிக்கொள்வாள். யார் என்ன திட்டினாலும் குரல் ஏறாது. அப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளை, இரண்டரை வயதாகியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

யோசனை சொல்ல மட்டும் ஊரே வரும். "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான், விடும்மா" என்பார் அவள் மாமியார். பேசத் தொடங்கி அந்த மனிதர் என்ன கிழித்துவிட்டார் என்று எனக்கு நாக்கு நுனிவரை வரும். எதிர் வீட்டுக்காரி இன்னும் மோசம். "பெத்தவ எந்நேரமும் போன்லயே இருந்தா, புள்ள யாரைப் பாத்துப் பேசும்?" என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

அது தங்கையைத் தைத்துவிட்டது. வேலை நேரத்தில் அறைக் கதவைச் சாத்தியே ஆக வேண்டும், பின்னால் சத்தம் கேட்டால் மேலதிகாரி கூப்பிட்டுவிடுவார். பிள்ளை வெளியே உட்கார்ந்து கதவிடுக்கில் விரலை நுழைத்து ஆட்டிக்கொண்டிருப்பான். அந்த விரல்களைப் பார்த்தபடியே இவள் யாரோ ஒருவரிடம், "உங்க சிரமத்துக்கு வருந்துறோம் சார்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். வேலையை விட்டால் குடும்பம் ஓடாது. விடாவிட்டால் பிள்ளை பேசமாட்டான் என்கிறார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

காது நன்றாகக் கேட்கிறது என்று பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மாவிடம் நானும் கூடப் போயிருந்தேன். "அவன் கை நீட்டுறதுக்குள்ள எடுத்துக் குடுத்துடறீங்க. பேரைச் சொல்லிக் காட்டி, கொஞ்ச நேரம் காத்திருந்து பாருங்க. சொல்லலன்னாலும் குடுத்துடுங்க" என்றார். எவ்வளவு நிதானமாகச் சொன்னார். என் தங்கை காத்திருப்பதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அடுத்த விடுமுறை நாளில் நான் போனபோது, பிள்ளை அவள் உடையைப் பிடித்து இழுத்துச் சமையல் மேடையைக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றி உயரத்தில் பிடித்தாள்.

"தண்ணி. சொல்லுடா கண்ணா, தண்ணி."

அவன் டம்ளரைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், மறுபடி கையைக் காட்டினான். அப்புறம் அழுதான். தரையில் விழுந்து புரண்டு அழுதான்.

"குடுத்துத் தொலைடி. தொண்டை காஞ்சு போகுது பாரு."

"அக்கா, நீ தலையிடாத. இன்னைக்குக் குடுத்தா இவன் என்னைக்குமே பேசமாட்டான்."

பிடுங்கப் போனேன், திரும்பிக்கொண்டாள். தண்ணீர் அவள் தோளில் தெறித்தது. கண்ணும் நிறைந்திருந்தது. பிடிவாதம் பிடிப்பவளின் முகமா அது? பயந்து போனவளின் முகம். எனக்கு அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

திடீரென்று அழுகை நின்றது. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு பிள்ளை எழுந்து உள்ளே போனான்.

"பாத்தியா, அடங்கிட்டான். இப்ப வந்து கேப்பான் பாரு" என்றாள்.

வரவில்லை. குளியலறையில் ஏதோ சத்தம். இருவரும் ஓடினோம். பக்கெட் அருகே குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, குளிக்கிற மக்கை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் ஈரம். தாயைக் கண்டதும் மக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

அவள் ஈரத்தரையிலேயே உட்கார்ந்து டம்ளரை நீட்டினாள். ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை. அவன் வாங்கவில்லை.